கருவுற்ற காலத்தில் பிலாட்டீஸ்: இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்குவதும் தொடர்வதும்

கருவுற்ற பெண் உடற்பயிற்சி செய்யலாமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் பெரும்பாலும் விடை சொல்லி முடித்துவிட்டது. தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளும் அதில் சேர வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சென்னை வீடுகளில் இன்னும் முடியாமல் இருப்பது வேறொரு கேள்வி. மாடிப்படி ஏறாதே என்று ஒருவர் சொல்ல, குனிந்து நிமிர்ந்து வீட்டைப் பெருக்கினால் சுகப்பிரசவம் ஆகும் என்று இன்னொருவர் சொல்ல, இடையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது எந்தப் பயிற்சியை, எந்த வாரத்தில், எவ்வாறு மாற்றி, யாருடைய மேற்பார்வையில் செய்வது என்பதுதான். அந்த அளவில், பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சி முறையைப் பற்றி இங்கே பார்க்கலாம்.

ஜெர்மனியில் 1883ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் வகுத்த முறை இது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் இதை வளர்த்தெடுத்த அவர், பின்னர் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தி நடனக் கலைஞர்களிடையே பெயர்பெற்றார். அவர் வரிசைப்படுத்திய 34 பாய்ப் பயிற்சிகளில் பலவும் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்குபவை, குப்புறப் படுத்துச் செய்பவை, அல்லது கால்களைத் தலைக்கு மேல் கொண்டுபோகிறவை. கர்ப்பிணிகளை மனத்தில் வைத்து அவர் அவற்றை வகுக்கவில்லை. மூச்சு, முதுகெலும்பின் நிலை, ஆழ்தசைகளின் கட்டுப்பாடு ஆகிய அடிப்படைகளை மட்டும் வைத்துக்கொண்டு, படுக்கும் விதத்தையும் சுமையையும் வேகத்தையும் இயன்முறை மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்ட்) மாற்றியமைத்த வடிவத்தையே கர்ப்பகாலப் பிலாட்டீஸ் என்கிறோம். எனவே யூடியூபில் பிலாட்டீஸ் என்று தேடி, முதலில் வரும் காணொளியைப் பார்த்துச் செய்வது இதற்கு ஈடாகாது.

எதிர்பார்ப்பையும் தொடக்கத்திலேயே சரிசெய்துகொள்வது நல்லது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைக் கருவுற்ற காலத்தின் முற்பகுதியிலேயே தொடங்கும் பெண்களுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீர்க் கசிவு குறைகிறது என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று உண்டு. முதுகுவலி, இடுப்புவலி ஆகியவற்றின் கடுமை குறையும் என்பதற்கும் ஓரளவு சான்று உண்டு. சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் என்று பலகை வைத்திருக்கும் வகுப்பை மட்டும் நம்ப வேண்டாம். குழந்தை இருக்கும் நிலை, அதன் இதயத்துடிப்பு, நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடம் என்று பலவும் சேர்ந்தே சிசேரியன் தேவையா என்பதை முடிவு செய்கின்றன. ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சிசேரியன் ஆன பெண், தன்மீதுதான் குறை என்று எண்ணி மருகுவதைப் பார்க்கும்போது அத்தகைய விளம்பரங்கள்மீது கோபம்தான் வருகிறது.

மருத்துவரின் ஒப்புதல்

பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்னால், உங்களைப் பார்த்துவரும் மகப்பேறு மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். இரத்தப்போக்கு தொடர்ந்து இருப்பவர்கள், பனிக்குட நீர் கசிபவர்கள், கருப்பை வாய் பலவீனமாக இருப்பதால் தையல் போடப்பட்டவர்கள், குறைமாதப் பிரசவ வலி கண்டவர்கள், 26 முதல் 28 வாரத்துக்குப் பிறகும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பவர்கள், இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் பிரீஎக்லாம்சியா உள்ளவர்கள், தீவிர இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், வயிற்றில் மூன்று குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோர் இந்தப் பயிற்சியில் சேரக் கூடாது. குழந்தையின் வளர்ச்சி குறைவாக இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தாலும், இரட்டைக் குழந்தைகள் என்றாலும், முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலும் முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடும் இரத்தசோகை, அந்நிலையில் பயிற்சி கூடாது. இடைப்பட்ட அளவில் இருப்பவர்கள் மருத்துவர் அனுமதித்தால் மென்மையாகத் தொடங்கலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் டப்பாவிலேயே வைத்திருந்துவிட்டு, வகுப்பில் மூச்சு வாங்குகிறது என்று வியப்பதில் பொருளில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் சர்க்கரை 140ஐத் தொட்டுக் கர்ப்பகால நீரிழிவு என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பயிற்சி கூடுதல் நன்மை தரும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் பயிற்சி நேரத்தையும் உணவு நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்கள், வாந்தியும் அயர்ச்சியும் அடங்கும் 12, 13ஆம் வாரத்தில் தொடங்குவது எளிது. ஏற்கெனவே பிலாட்டீஸ் செய்துவந்தவர்கள் மருத்துவர் சம்மதித்தால் இடைவெளி விடாமல் தொடரலாம்.

யாரிடம் கற்பது

பிலாட்டீஸ் பயிற்றுநர் வேறு, பிலாட்டீஸ் கற்ற இயன்முறை மருத்துவர் வேறு. முன்னவர் சில நாள் சான்றிதழ் வகுப்பில் மட்டும் கற்றவராகவும் இருக்கலாம். பின்னவர் நான்கரை ஆண்டு அல்லது அதற்கு மேல் இயன்முறை மருத்துவப் பட்டப் படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்தவர். தமிழ்நாட்டில் இப்பட்டத்தைப் பெரும்பாலும் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ ஏதேனும் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ வழங்கியிருக்கும். பட்டத்தை எங்கே பெற்றார், மகளிர் நலத்திலோ மகப்பேற்றுப் பிரிவிலோ வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தனியார் மையக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், தாங்கள் பதிவு செய்திருக்கும் அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டா என்று கேட்கலாம். 1844ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையும் நகரத்துப் பெண்கள் தலைமுறைகளாக நாடிவரும் இடங்கள். அரசு மருத்துவமனையில் பிலாட்டீஸ் என்ற பெயரில் எதையும் சொல்லித்தராமல் இருக்கலாம். ஆனால் இடுப்புத்தளப் பயிற்சியும், மூச்சுப் பயிற்சியும், முதுகுவலிக்கான பயிற்சிகளும் இதே அடிப்படையில் அமைந்தவைதான். பெயருக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஒரு வகுப்பின் தரத்தை முதல் சந்திப்பிலேயே கணித்துவிடலாம். உள்ளே நுழைந்ததும் பாயை விரித்து மற்றவர்களோடு சேர்த்து நிறுத்தினால், திரும்பி வந்துவிடுங்கள். முதல் சந்திப்பு முழுவதும் கேள்விகளிலும் பரிசோதனையிலும் கழிய வேண்டும். எத்தனையாவது வாரம் (வீட்டில் மாதக்கணக்கு சொல்வோம், பயிற்சிக்கு ஸ்கேன் தாளில் உள்ள வாரக்கணக்கே வேண்டும்), முந்தைய பிரசவங்கள், கருச்சிதைவு, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறதா, மலச்சிக்கல் உண்டா, வலி எங்கே, எப்போது என்று அவர் கேட்க வேண்டும். மருத்துவமனை ஃபைலை அப்படியே கொண்டுபோங்கள். நஞ்சுக்கொடியின் இடம் அதில் இருக்கிறது.

அடுத்தது உடற்பரிசோதனை. இரத்த அழுத்தம் பார்த்த பின், நிற்கும் விதத்தையும், ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா என்பதையும் கவனிப்பார். பிறகு சற்று நேரம் மட்டும் மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கச் சொல்வார். கால் கனமாகத் தோன்றினால், இடுப்பு எலும்புகளின் இருபுறமும் தம் உள்ளங்கைகளை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடியும் தூக்கச் சொல்வார். அழுத்தும்போது கால் எளிதாக எழுகிறது என்றால், இடுப்பு மூட்டுகளைப் பிடித்துநிறுத்த வேண்டிய தசைகள் தம் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். உங்கள் பயிற்சித் திட்டம் அங்கிருந்து தொடங்கும். வயிற்றின் நடுக்கோட்டில் விரல் வைத்து, நேர்வயிற்றுத் தசைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்றும் பார்ப்பார். கடைசி மாதங்களில் எல்லாப் பெண்களுக்கும் இந்த விலகல் ஓரளவு இருக்கும். அதற்காக அஞ்ச வேண்டாம். பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் உட்பரிசோதனை இந்த வகுப்புக்குக் கட்டாயம் இல்லை. உங்கள் சம்மதமும் மகப்பேறு மருத்துவரின் சம்மதமும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

குழு வகுப்பு என்றால் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். இருபது பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மேற்பார்வை பெயரளவில்தான் இருக்கும்.

மூச்சும் இடுப்புத்தளமும்

இப்பகுதியில் சற்று நின்று போக வேண்டும். மற்றப் பயிற்சிகள் எல்லாம் இதன்மேல் நிற்பவை. உடலின் நடுப்பகுதியை ஒரு குடமாக எண்ணிக்கொள்ளுங்கள். வாயை மூடியிருக்கும் தட்டு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம். அடிப்பாகம் இடுப்புத்தளத் தசைகள். சுற்றுச்சுவர் வயிற்றைக் குறுக்காக அணைத்திருக்கும் ஆழ்தசை. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, இடுப்புத்தளமும் சற்றே தாழ்கிறது; மூச்சை விடும்போது இரண்டும் மேலேறுகின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் உள்ளழுத்தம் முழுவதும் அடிப்பாகத்தின்மேல் விழும். எந்த அசைவிலும் கடினமான பகுதியில் மூச்சை வெளிவிட வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மூச்சைக் கற்க ஒரு துப்பட்டா போதும். நாற்காலியின் முன்பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவை நீளவாக்கில் மடித்து, மார்புக்குக் கீழே விலா எலும்புகளைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளையும் முன்னால் குறுக்காக மாற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக மெல்ல மூச்சை இழுக்கும்போது துணி இரு பக்கங்களிலும் முதுகுப்புறத்திலும் இறுக வேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது. உதடுகளைக் குவித்து, சூடான காபியை ஊதுவதுபோல் மூச்சை நீளமாக விடும்போது துணி தளர வேண்டும். ஆறேழு மூச்சுக்கு மேல் தொடர்ந்து செய்தால் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். இடையில் நிறுத்தி இயல்பாக மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சு பிடிபட்ட பிறகு இடுப்புத்தளத்தைச் சேர்க்க வேண்டும். மூச்சை விடத் தொடங்கும்போது, வாயுவை அடக்குவதுபோல் பின்புறத்திலிருந்து ஆரம்பித்து, சிறுநீரை அடக்குவதுபோல் முன்புறம் வரை, உள்ளேயும் மேலேயும் இழுங்கள். பிட்டமும் தொடையும் இறுகினால், புருவம் சுருங்கினால், தவறான தசை வேலை செய்கிறது என்று அறியலாம். தொடக்கத்தில் மூன்று நான்கு விநாடி பிடிக்க முடிந்தாலே போதும். படிப்படியாகப் பத்து விநாடி வரை கூட்டலாம். பிடித்த நேரத்துக்கு ஈடாக விடுவதற்கும் நேரம் கொடுத்து எட்டு முதல் பத்து முறை, பின்னர் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதாகப் பத்து முறை என்று நாளைக்கு மூன்று வேளை செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போக அது வழிசெய்யும்.

வெளியே இதைச் சொல்லித்தருபவர்கள் பலரும் இறுக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். குழந்தை வெளிவரும் நேரத்தில் அந்தத் தசைகள் விரிந்துகொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை விடும்போதும், மூச்சை இழுத்தபடி அடிப்பாகம் முழுவதும் மெல்லத் தாழ்ந்து அகல்வதை உணர்ந்த பின்னரே அடுத்த இறுக்கத்துக்குப் போக வேண்டும். சிலருக்கு இத்தசைகள் எப்போதும் விறைத்தே இருக்கும்: உறவின்போது வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம், நீண்டநாள் மலச்சிக்கல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். இறுக்கும் பயிற்சியை அவர்கள் பாட்டுக்குச் செய்தால் தொல்லை கூடும்.

ஒரு வகுப்பு எப்படிப் போகும்

ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடக்கும் வகுப்பு உட்கார்ந்த நிலையில் தொடங்கும். பெரிய பயிற்சிப் பந்தில் உட்கார்ந்து இடுப்பை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், வட்டமாகவும் அசைப்பது நல்ல தொடக்கம். சராசரி உயரமுள்ள பெண்களுக்கு 55 சென்டிமீட்டர் பந்தும், 165 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவர்களுக்கு 65 சென்டிமீட்டர் பந்தும் பொருந்தும். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். பந்தைச் சுவரோரம் வையுங்கள். காலுறை வேண்டாம், சென்னை வீடுகளின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் காலுறை வழுக்கும். கோரைப்பாயும் நகரும். அடியில் பிடிப்புள்ள ரப்பர் பாய்தான் ஏற்றது.

அடுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலை. வயிற்றின் பாரம் முதுகிலிருந்து இறங்குவதால் பலருக்கு இந்நிலையே ஆறுதலாக இருக்கும். மூச்சை விட்டபடி முதுகை மேல்நோக்கி வளைத்து, மூச்சை இழுத்தபடி சமநிலைக்கு வர வேண்டும். முதுகு குழிவிழும்படி கீழே தொங்கவிடக் கூடாது. பழகிய பின், ஒரு காலைப் பாயின்மேல் தேய்த்தபடியே பின்னால் நீட்டி மடக்கலாம். அதற்கும் பிறகுதான் எதிர்க் கையையும் உடன் நீட்டுவது. சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க, அடிமுதுகில் ஒரு காலி எவர்சில்வர் டம்ளரை வைக்கச் சொல்லலாம். இடுப்பு ஒரு பக்கம் புரண்டால் அது உருண்டுவிடும்; உருண்டால் காலை நீட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கடைசி மாதங்களில் மணிக்கட்டு வலியும் விரல் மரத்துப்போவதும் மிகுதியாகக் காணப்படும். அப்போது முன்கையைத் தலையணைமேல் ஊன்றலாம், அல்லது சாப்பாட்டு மேசையைப் பிடித்து நின்றபடி இதே அசைவைச் செய்யலாம்.

பிறகு ஒருக்களித்துப் படுத்த நிலை. தலைக்கு ஒன்று, வயிற்றுக்குக் கீழே சிறியதாக ஒன்று என்று தலையணை வைத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் மூச்சை விட்டபடி திறந்து மூட வேண்டும். திறக்கும்போது இடுப்பு பின்னால் சாயக் கூடாது. பக்கத்துக்கு எட்டு முதல் பத்து முறை போதும். அதே நிலையில் மேல் கையை வளைவாகக் கொண்டுசென்று மார்பைத் திறக்கும் அசைவு, பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நாள் முழுவதும் கணினிமுன் குனிந்திருக்கும் பெண்களின் மேல்முதுகுக்கு உடனே இதம் தரும்.

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியைக் கர்ப்பகாலத்தின் முதல் பாதியில் செய்யலாம். இருபது வாரம் தாண்டிய பின் மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கருப்பையின் பாரம், உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெருநாளத்தை அழுத்துவதால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். அக்காலத்தில் சாய்மான மெத்தையோ அடுக்கிய தலையணைகளோ வைத்து மேலுடலை உயர்த்தித்தான் இதைச் செய்ய வேண்டும். அல்லது விட்டுவிட வேண்டும். நின்று செய்பவற்றில், பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் இடையே வைத்துப் பாதி அளவு உட்கார்ந்து எழுவதும், சுவரில் கையூன்றித் தள்ளுவதும், ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பதும் போதுமானவை. குழந்தை பிறந்த பின் தூக்கவும் பாலூட்டவும் தேவைப்படும் தோள், முதுகு வலிமை இவற்றிலிருந்து கிடைக்கிறது.

தலையைத் தூக்கி வயிற்றைச் சுருக்குபவை, இரு கால்களையும் ஒன்றாகத் தூக்கி இறக்குபவை, குப்புறப் படுப்பவை, இடுப்பை ஆழமாக முறுக்குபவை, தலைகீழ் நிலைகள், குதிப்பவை, ரிஃபார்மர் என்னும் பிலாட்டீஸ் கருவியின் நகரும் மேடைமேல் நிற்பவை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எந்தப் பயிற்சியிலாவது வயிற்றின் நடுவே கூம்புபோல் ஒரு முகடு எழும்பினால், அந்த அளவு சுமை உங்களுக்கு இப்போது மிகுதி. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மேல் மூச்சு வாங்கக் கூடாது.

முன்னிடுப்பு எலும்பிலோ பின்புறத்திலோ குத்தும் வலி உள்ளவர்கள், கால்களை அகற்றுவதையும் ஒற்றைக் காலில் நிற்பதையும் சில வாரம் நிறுத்திவைக்க வேண்டும். சுடிதார் பேன்டைக்கூட உட்கார்ந்தே மாட்டிக்கொள்ளலாம். கர்ப்பிணி புரண்டு படுக்கக் கூடாது, எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடி சுற்றிக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கொடி சுற்றுவதற்கும் புரள்வதற்கும் தொடர்பில்லை. முழங்கால்களைச் சேர்த்து மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரண்டால் இடுப்பு மூட்டு இழுபடாது, வலியும் குறையும். வகுப்பில் படுப்பதற்கும் எழுவதற்கும் இதே முறைதான்: ஒருக்களித்து, கையை ஊன்றி, மூச்சை விட்டபடி.

வாரத்துக்கு இரண்டு வகுப்பும், வீட்டில் நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடமும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பிலாட்டீஸ் மட்டுமே 150 நிமிடக் கணக்கை நிறைவு செய்யாது, நடையும் வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பதானால் சிமெண்ட் நடைபாதையில் நடங்கள். இடுப்புவலி உள்ளவர்களுக்குப் புதையும் மணல் ஆகாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நலம். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆறாது, உடற்சூடு எளிதில் இறங்காது. குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் உடல் மிகையாகச் சூடாவது கருவுக்கு நல்லதன்று. சூடேற்றிய அறையில் நடத்தும் வகுப்புகளை அறவே தவிர்க்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே இட்லியோ பழமோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். தண்ணீர்ப் பாட்டிலும் மோரும் கையில் இருக்கட்டும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

பிறப்புறுப்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிந்தால், வயிறு சீரான இடைவெளியில் வலியோடு இறுகினால், உழைப்புக்கு முன்பே மூச்சுத் திணறினால், நெஞ்சுவலி, மயக்கம், கடும் தலைவலி, பார்வை மங்கல் ஆகியவை வந்தால், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோ வீக்கமோ கண்டால், பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் மறுநாள் வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வளைகாப்புக்குப் பிறகு

நம்மிடம் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பயிற்சி அதிகம் பலன் தரும் காலத்தில் வகுப்பு அறுபடும். தாய்வீடு வேளச்சேரியிலிருந்து பெரம்பூராக இருந்தாலும் சரி, திருநெல்வேலியாக இருந்தாலும் சரி, புறப்படுவதற்கு முன் இயன்முறை மருத்துவரிடம் எழுத்தில் ஒரு திட்டம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பயிற்சி எத்தனை முறை, எதை 36 வாரத்துக்குப் பின் விட வேண்டும், யாரை அழைப்பது. நேரில் பலமுறை பார்த்து உங்கள் உடலை அறிந்தவர் காணொளி அழைப்பில் தொடர்வதில் தவறில்லை. மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கும் நாள்களிலும் அதுவே பாதுகாப்பு. முன்பின் பாராதவரிடம் காணொளியில் தொடங்குவதுதான் கூடாது. திரையின் கோணம் உங்கள் பக்கவாட்டைக் காட்டும்படி இருக்கட்டும், அறையில் அம்மாவோ அக்காவோ உடன் இருக்கட்டும்.

கடைசி வாரங்களில் பயிற்சியின் போக்கு மாற வேண்டும். வலுவூட்டுவதைக் குறைத்து, பந்தின்மேல் முன்சாய்ந்து இடுப்பை அசைப்பது, ஒருக்களித்த நிலையில் நீண்ட மூச்சு, இடுப்புத்தளத்தைத் தளர்த்துவது ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். முதல் பிரசவம் என்றால், ஏறக்குறைய 35ஆம் வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் வாயிலை மென்மையாக நீவிவிடுவது, கிழிசலுக்கும் வெட்டித் தையல் போடுவதற்கும் உள்ள வாய்ப்பைக் குறைக்கும். செய்முறையை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டறிந்த பின் செய்யலாம். வலி வரும்போது எந்த நிலையில் உங்களுக்கு ஆறுதல் என்பதை வகுப்பிலேயே கண்டுவைத்துக்கொண்டு, பிரசவ அறையில் அந்நிலைக்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பிறந்த பின்

சுகப்பிரசவம் ஆனவர்கள் தையலில் வலி இல்லாத அளவில், சில நாள்களிலேயே துப்பட்டா மூச்சையும் மெல்லிய இடுப்புத்தளப் பயிற்சியையும் தொடங்கலாம்; சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் (கதீட்டர்) இருந்தால் அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கும் மூச்சுப் பயிற்சி முதல் சில நாள்களிலேயே உதவும். வயிற்றுக்கான பயிற்சிகளை ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு, மறுபடியும் ஒரு முழு உடற்பரிசோதனையோடுதான் தொடங்க வேண்டும். வயிறு உள்ளே போக வேண்டும் என்று பழைய பருத்திச் சேலையை இறுகச் சுற்றிக் கட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாங்கலாக, தளர்வாகக் கட்டினால் கேடில்லை. மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே களைத்திருக்கும் இடுப்புத்தளத்தை இன்னும் தளர்த்தும். மூன்று மாதம் கடந்தும் இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடியில் ஏதோ இறங்குவதுபோல் பாரம் தோன்றினாலோ, பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று யார் சொன்னாலும் விட்டுவிடாமல், பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் போய்ப் பாருங்கள்.